கழற்றிய கையும் மாற்றாத கையும்

ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார், சக்கரம் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றின் கட்டளையை மற்றொன்றிடம் சேர்ப்பது டை ராடு என்னும் இரும்புத் தண்டு. லாரியில் அது முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஓடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனிலும், பொன்னேரி வயல்களில் சேறடிக்கும் டிராக்டரிலும் வேறு வேறு வடிவில் இருக்கும். மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடுவதற்கென்றே செய்யப்படும் ஏ.டி.வி. வண்டியில், அதாவது மெரினா மணலில் காவல்துறை ரோந்து சுற்றும் வகை வண்டியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு தண்டுகள் எந்த மூடியும் இல்லாமல் கண்ணுக்கு நேரே தெரியும். தண்டு எளிதில் தேய்வதில்லை. தேய்வது அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட். உருண்டைத் தலை ஒன்று ஒரு குழிக்குள் கிரீஸில் அமர்ந்து எல்லாப் பக்கமும் அசைகிறது. ரப்பர் உறை ஒன்று அதை மூடிக் காக்கிறது. உறையில் வெடிப்பு விழுந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும், இரும்பு இரும்பைத் தின்னத் தொடங்கும். பழவேற்காட்டிலிருந்து காட்டுப்பள்ளி, எண்ணூர் வரை கடலை ஒட்டிய உப்புக் காற்றில் இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும். ஸ்டீயரிங்கில் ‘பிளே’ வந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

இந்தத் தேய்மானம் சொல்லாமல் வருவதில்லை. டயரின் ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேயும், பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’கென்று தட்டும், நேரான சாலையிலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஏ.டி.வி.யின் டயர் அகலமானது, அதில் காற்று மிகக் குறைவு; ஆகவே அதிர்வைத் தானே விழுங்கிக்கொண்டு ஓட்டுபவரின் கைக்குச் செய்தி வராமல் தடுத்துவிடும். அங்கே சோதித்துப் பார்ப்பது இன்னும் அவசியம். சோதனை எளிது. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, அதன் இடமும் வலமும் பிடித்து ஒருவர் அசைக்க வேண்டும், இன்னொருவர் மூட்டைப் பார்க்க வேண்டும். சக்கரம் அசைந்தும் தண்டு அசையாமல் மூட்டில் இடைவெளி தெரிந்தால் மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது. ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு மூட்டைப் பிரித்து, பழைய முனை எத்தனை சுற்றில் வெளியே வந்ததோ அத்தனை சுற்றுக்குப் புதியதை ஏற்றி, லாக் நட்டை இறுக்கி, புது ஸ்பிலிட் பின் போட்டு, கடைசியில் அலைன்மென்ட் பார்த்தால் முடிந்தது. தெரிந்தவருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் கூடிய ஒன்று மாற்றப்படாமலே ஓடி, ஒருநாள் வேகத்தில் கழன்று, வண்டி எதிர்வரிசைக்குள் பாய்ந்து யாரோ ஒருவர் இறந்துபோனால் நாம் என்ன சொல்கிறோம்? விதி என்கிறோம். நேரம் சரியில்லை என்கிறோம். ஓட்டுநர் எதுவும் செய்யவில்லை, அவர் நேராகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், உடைந்தது இரும்பு என்கிறோம். ‘எதுவும் செய்யவில்லை’ என்ற இந்தச் சொல் உண்மையா என்பதே என் கேள்வி. தேய்ந்ததைத் தெரிந்தும் மாற்றாமல் விடுவது ஒரு வினையா, வினை இல்லாமையா? இது மெக்கானிக் கடையில் தீரும் கேள்வி இல்லை. கன்மம், ஊழ், இம்சை, கடமை என்று இந்த மண்ணின் சமயங்கள் பல நூற்றாண்டுகளாக வாதித்துவரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் கேள்வி. மாற்றாமல் விடுவதும் வினைதான், அதன் பயனும் செய்தவரையே சேரும், நம் சமயங்கள் தம் கோட்பாட்டிலும் சடங்கிலும் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்பது என் வாதம்.

2024 அக்டோபர் 11 ஆம் தேதி ஆயுத பூஜை. அன்று இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்றுகொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் பொன்னேரியைக் கடந்து அடுத்த நிலையமான கவரைப்பேட்டையை நெருங்கியது. மெயின் லைனில் நேராகப் போக அதற்குப் பச்சை விளக்கு கிடைத்திருந்தது. ஆனால் வண்டி லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லாமல் போனது பெரும்பேறு. தண்டவாளம் பிரியும் இடத்தில் நகரும் நாக்குத் தண்டவாளங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குத் தண்டுகளும் அவற்றின் போல்ட் நட்டுகளும் செய்வது லாரியின் டை ராடு செய்யும் வேலையேதான்: இரண்டு பக்கமும் ஒரே கட்டளைக்கு ஒன்றாகத் திரும்ப வேண்டும். அந்தப் பாகங்கள் தாமாகப் பழுதாகவில்லை, வேண்டுமென்றே கழற்றப்பட்டன என்ற முடிவுக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வந்ததாக 2025இல் செய்திகள் வெளியாயின. யார் கழற்றியது என்பதைக் காவல்துறையும் நீதிமன்றமும் பார்க்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் செய்தியைக் கேட்டவுடன் நம் மனம் என்ன செய்தது என்பதை. விதி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. சதி என்றோம், பாதகம் என்றோம்.

இப்போது இன்னொரு நிகழ்வு. இங்கிலாந்தின் வடக்கே கிரேரிக் என்ற இடத்தில் 2007 பிப்ரவரி 23 அன்று லண்டனிலிருந்து கிளாஸ்கோ சென்ற விரைவு ரயில் தடம்புரண்டு ஒருவர் இறந்தார். அங்கேயும் பழுதானது நாக்குத் தண்டவாளங்களைப் பிடிக்கும் குறுக்குத் தண்டுகள்தான். எவரும் கழற்றவில்லை. நட்டுகள் தளர்ந்தன, தண்டுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. விபத்துக்கு ஐந்து நாள் முன்பு, 18 ஆம் தேதி நடந்திருக்க வேண்டிய சோதனை நடக்காமல் விடுபட்டிருந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2002 மே மாதத்தில் பாட்டர்ஸ் பார் என்ற இடத்தில் இதே வகைத் தளர்ச்சி ஏழு உயிர்களைக் குடித்திருந்தது. கவரைப்பேட்டையில் ஒரு கை நட்டைக் கழற்றியது. கிரேரிக்கில் ஒரு கை நட்டை இறுக்கப் போகவில்லை. தண்டவாளத்தின் மேல் வந்த ரயிலுக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியாது. கழற்றியவரின் நெஞ்சில் கொடுமை இருந்தது, போகாதவரின் நெஞ்சில் அது இல்லை என்பது உண்மை. இருவருக்கும் ஒரே தண்டனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முதலாவதை வினை என்றும் இரண்டாவதை வெறும் நேரக்கேடு என்றும் பிரித்துவைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

நியாயம் உண்டு என்று சொல்லக்கூடியவர்களில் மிகப் பெரியவர் ஆதி சங்கரர். அவர் எழுப்பும் தடையைக் கடக்காமல் இந்த வாதம் ஓர் அடியும் நகராது. அன்றாடம் செய்ய வேண்டிய நித்திய கர்மத்தைச் செய்யாமல் விட்டால் அதனால் பாவம் உண்டாகும் என்று மீமாம்சை வழியினர் சொன்னார்கள். தைத்திரீய உபநிடத உரையின் தொடக்கத்திலும் கீதை உரையிலும் சங்கரர் அதை மறுக்கிறார். செய்யாமை என்பது ஓர் இன்மை. இன்மையிலிருந்து உள்ளது எப்படிப் பிறக்கும்? இல்லாத விதையிலிருந்து மரம் முளைக்காது என்றால், செய்யாத செயலிலிருந்து பாவமும் முளைக்கக் கூடாது. ஒருவன் கடமையைச் செய்யாதிருப்பது, அவன் ஏற்கெனவே சேர்த்துவைத்த தீவினையின் அடையாளமாக இருக்கலாம். புதிய தீவினையின் காரணமாக இருக்க முடியாது என்பது அவர் முடிவு. தர்க்கத்தில் இதற்கு நிகரான கூர்மையைக் காண்பது அரிது. டை ராடுக்கு இதைப் பொருத்தினால், மாற்றாமல் விட்டவர் உலகத்தில் எதையும் சேர்க்கவில்லை. உடைந்ததற்கு உப்பும் மணலும் காலமும்தான் காரணம் என்றாகும்.

ஆனால் சங்கரர் பேசிய இடம் வேறு. துறவி ஒருவர் கர்மத்தைக் கைவிடலாமா என்பது அங்கே கேள்வி. அவர் கைவிட்ட பிறகு அந்த இடத்தில் வேறொரு செயல் நடந்துகொண்டிருப்பதில்லை. வேள்வி செய்யாத துறவி வேள்வித் தீயை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் ஓடுவதில்லை. லாரிக்காரர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். தேய்ந்த மூட்டோடு வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு அவர் மாற்றாமல் இருந்தால், அது சங்கரர் சொன்ன தூய இன்மை; அதிலிருந்து யாருக்கும் எதுவும் பிறக்காது, துரு மட்டும் ஏறும். தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பி தேசிய நெடுஞ்சாலை 16இல் ஏறி, முப்பது டன் கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டு அவர் ஓட்டும்போது, உலகத்தில் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது. எஞ்சினை உயிர்ப்பித்தது அவர், கியரைப் போட்டது அவர், வேகத்தைக் கூட்டியது அவர். ‘மாற்றாமை’ என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. ‘மாற்றாமல் ஓட்டுதல்’ என்ற ஒரே வினை இருக்கிறது. அந்த வினை இன்மை ஆகாது. சங்கரரின் விதியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது இந்த வண்டிக்கு அடைக்கலம் தராது.

இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தவர்கள் சமணர்கள். பொன்னேரிக்குச் சென்னையிலிருந்து போகும் வழியில், செங்குன்றத்துக்கு முன்பே புழலில் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு அந்தச் சமயம் அயலானது இல்லை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கொடுக்கும் இலக்கணத்தில் முதலில் நிற்பது பகையோ சினமோ இல்லை, கவனமின்மை. கவனமற்ற நிலையில் உடலோ சொல்லோ மனமோ செயல்பட்டு அதனால் உயிர் போவது இம்சை என்கிறது அது. பிற்காலத்தில் அமிர்தசந்திரர் இதை அதன் இறுதி எல்லைவரை கொண்டுபோனார். முழுக் கவனத்தோடு நடக்கும் துறவியின் காலடியில் அவர் அறியாமல் ஒரு சிற்றுயிர் இறந்துபோனால் அங்கே இம்சை இல்லை. கவனமில்லாமல் நடப்பவனின் காலடியில் உயிர் எதுவும் சாகாவிட்டாலும் இம்சை அவனுக்கு முன்னே ஓடுகிறது என்பது அவர் கருத்து. இந்த ஒரு நிலைப்பாடு, நம் சாலைகளில் புழங்கும் ஒரு பெரிய தப்பித்தலை அடைத்துவிடுகிறது. ‘இத்தனை வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே’ என்பதுதான் அந்தத் தப்பித்தல். ஒன்றும் ஆகாமல் இருந்தது வண்டியின் நல்லூழ். ஓட்டியவரின் கணக்கில், ஆகிவிட்ட நாளுக்கும் ஆகாத நாளுக்கும் வேறுபாடு இல்லை. மறுபக்கம் பார்த்தால் இது பெரிய ஆறுதலும்கூட. சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, ஸ்பிலிட் பின் வரைக்கும் புதிதாகப் போட்ட பிறகும், கண்ணுக்குத் தெரியாத வார்ப்புக் குறையால் ஒரு முனை உடைந்து ஓர் உயிர் போனால், அந்த ஓட்டுநர் வாழ்நாள் முழுதும் வருந்துவார். ஆனால் கொன்றவர் ஆகமாட்டார்.

நீதிமன்றங்கள் வேறு பாதையில் நடந்து ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்திருப்பது எனக்கு வியப்பைத் தருகிறது. இங்கிலாந்தில் மலைச்சரிவில் இறங்கிய லாரி ஒன்றின் பிரேக் குழாய் அரித்துப்போய் வெடித்து ஒருவர் இறந்த ஹென்டர்சன் வழக்கில், குழாயின் அரிப்பு கண்ணுக்குப் படாத பகுதியில் இருந்தது என்று சொன்னதோடு உரிமையாளர் தப்ப முடியவில்லை. அந்த லாரி எப்படிப்பட்ட சரக்கை ஏற்றியது, அரிப்பை உண்டாக்கும் சூழலில் ஓடியதா, அதற்கேற்ற கவனம் எடுக்கப்பட்டதா என்று காட்ட வேண்டிய கடமை அவருடையது என்று பிரபுக்கள் சபை சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் 1977இல் மினு மேத்தா வழக்கில் அதே வழியில், இயந்திரக் கோளாறால் விபத்து என்று வாதிடும் உரிமையாளர், நியாயமான கவனத்தாலும் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டும் என்று கூறியது. வெள்ளமும் நிலநடுக்கமும் கடவுளின் செயல் என்ற பட்டியலில் இடம்பெறலாம். வெடித்த ரப்பர் உறையை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கடவுளின் பெயரைக் காப்பாற்றுவதில் இந்த ஓரிடத்தில் நீதிமன்றம் பக்தர்களைவிட அக்கறையோடு நடந்துகொண்டது என்றே நினைக்கிறேன்.

ஊழை நம்புகிறவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ஊழைவிட வலியது எது என்று வள்ளுவரே கேட்கவில்லையா, யாருக்கு எந்த நேரத்தில் என்ன வர வேண்டுமோ அது டை ராடு வழியாகவும் வரும், பாம்பு வழியாகவும் வரும் என்பார்கள். இது லேசாகத் தள்ளிவிடக் கூடிய நம்பிக்கை இல்லை. இழப்பைத் தாங்கிக்கொள்ள எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் கடைசித் துணையாக இருந்திருக்கிறது. ஆனால் குறளை முழுதாகப் படிக்க வேண்டும். ஊழ் 38 ஆவது அதிகாரம். 54 ஆவது அதிகாரம் பொச்சாவாமை, கடமையை மறவாமை. 62 ஆவது அதிகாரமான ஆள்வினையுடைமையின் முடிவில், தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்ற நம்பிக்கையைத் தருகிறவரும் அவரேதான். பொச்சாவாமையில் அவர் ஒருவனைக் காட்டுகிறார்: வரப்போகும் துன்பத்தை முன்கூட்டியே காக்காமல் மறந்திருந்து, அது வந்த பிறகு இரங்குகிறவன். அவன் எதை எண்ணி இரங்குகிறான் என்பதை வள்ளுவர் விட்டுவிடவில்லை. தன் பிழையை எண்ணி. ஊழை எண்ணி இரங்குவதாக அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. சொல்ல நினைத்திருந்தால் அவரிடம் அந்தச் சொல் இருந்தது, அதற்கென்று பத்துக் குறள் ஏற்கெனவே எழுதியிருந்தார். ஊழ் என்பது நம் கைக்கு அப்பாற்பட்டதைத் தாங்குவதற்கான சொல். இழந்தவர் அதைச் சொல்லலாம், சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இழப்பை உண்டாக்கியவர் அதே சொல்லை எடுத்துத் தன்னை மூடிக்கொள்வது, துக்க வீட்டிலிருந்து ஒன்றைத் திருடுவதற்குச் சமம்.

கோட்பாடு போதும், சடங்குக்கு வருவோம். ஆயுத பூஜை அன்று பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஓடாத வண்டியையும் சுழலாத இயந்திரத்தையும் பார்க்கலாம். சிப்காட் ஆலைகளில் ஒருநாள் முன்பே லேத்தையும் பிரஸ்ஸையும் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, சில இடங்களில் பெயின்டும் அடிப்பார்கள். லாரிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை வைத்துப் படைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி, பூசணிக்காயைச் சுற்றி உடைப்பார்கள். அந்த நாளின் அடிப்படை விதி, கருவியைப் பயன்படுத்தாமல் ஓய்வாக வைப்பது. ஆண்டு முழுதும் நிற்க நேரமில்லாமல் ஓடும் வண்டி, கழுவித் துடைத்து, சமதரையில், பகல் வெளிச்சத்தில், அதை அறிந்த எல்லோரும் சுற்றி நிற்க, அசையாமல் நிற்கிறது. அடியில் குனிந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொழுது உண்டா? எலுமிச்சை வைக்கச் சக்கரத்தடியில் குனிகிறவரின் முகத்துக்குச் சில அங்குலம் தள்ளித்தான் டை ராடு முனை இருக்கிறது. அதன் உறை வெடித்திருக்கிறதா என்று அதே நொடியில் பார்த்துவிடலாம். பார்க்காமல் எழுந்தால், வணங்கிய பொருளை வணங்கியவர் பார்க்கவில்லை. பெயின்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: இரும்பில் விழுந்த மயிரிழை விரிசலைப் புது பெயின்ட் மூடி மறைத்துவிடும். சோதித்த பிறகு அடிக்க வேண்டியதை அலங்காரத்துக்காக முன்பே அடித்தால், அந்தப் பூஜை கருவிக்குத் தீங்கு செய்கிறது.

பூஜை என்பது நன்றி சொல்வது, அதைப் பராமரிப்பு அட்டவணை ஆக்கினால் பக்தி வற்றிப்போகும் என்று ஒரு மறுப்பு எழும். பயன் கருதாமல் வணங்குவதே உயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நம் கோயில்களே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. கருவறையில் மூலவருக்கும் பீடத்துக்கும் நடுவே இருக்கும் மூட்டில் அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் இடித்துச் சேர்த்த கலவை அது. தண்ணீரும் எண்ணெயும் பாலும் ஆண்டுக்கணக்கில் மேலே விழ விழ அது இறுகி வெடிக்கும், மூட்டு தளரும். ஆகவே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்திக் குடமுழுக்கு நடத்துவது வழக்கமாயிற்று. உடைந்து விழும்வரை காத்திருப்பதில்லை. திருப்பணி நடக்கும் காலத்தில் பாலாலயம் அமைத்துத் தெய்வத்தின் ஆற்றலை வேறோர் உருவுக்கு மாற்றிவைக்கிறார்கள். பழுதுபார்க்கும்போது வழிபாடும் நிற்கக் கூடாது, வழிபாட்டுக்காகப் பழுதுபார்ப்பதும் நிற்கக் கூடாது என்பதற்காக. சிதைந்ததைப் புதுப்பிக்கும் இந்த முழு வேலைக்கும் ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டு, எந்தச் சிதைவைச் சரிசெய்யலாம், எந்தச் சிதைவுக்கு உருவையே மாற்ற வேண்டும் என்று தனித்தனியாக விதி வகுத்திருக்கின்றன. தெய்வத் திருமேனியின் மூட்டே தேயும், அதைக் காலம் தவறாமல் மாற்றுவது மனிதனின் கடமை, அந்தக் கடமை வழிபாட்டின் ஓர் உறுப்பு என்று ஒப்புக்கொண்ட மரபு இது. லாரியின் மூட்டைப் பார்ப்பதால் அந்த மரபில் பக்தி குறையும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

திருவாரூர் ஆழித்தேரும் இதற்குச் சான்று. பெரிய தேர்களுக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் சரியான கோணத்தில், சரியான கணத்தில் போட்டுத்தான் வீதி முனைகளில் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்யும் கைகளின் தேர்ச்சி சாதாரணமானதில்லை. அந்த ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தியாகராஜரின் பெருமைக்கு அதனால் குறைவு வந்தது என்று யாரும் சொன்னதில்லை. முட்டுக்கட்டைக்காரர்களும் விடைபெறவில்லை.

மற்றொரு மறுப்பு இருக்கிறது, அதுவே எனக்குக் கனமானது. மாற்ற வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது, கையில் காசு இல்லையே என்பது. முனையின் விலை பெரிதில்லை; ஆனால் சொந்த வண்டி வைத்து ஓட்டுபவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வாடகை போகும், மாதத் தவணைக்கு விழும் துண்டு பெரிதாகும். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கோ வண்டியைத் தொட்டுப் பழுதுபார்க்கும் அதிகாரமே இல்லை. ‘ஸ்டீயரிங் ஆட்டம் கொடுக்குது’ என்று அவர் சொன்னால், ‘எஃப்.சி.க்கு விடும்போது பாத்துக்கலாம்’ என்று பதில் வரும். எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டிய தகுதிச் சான்று அது. ஒருவருக்கு எஃப்.சி. ஒரு சடங்காகவும் இன்னொருவருக்கு ஆயுத பூஜை ஒரு சடங்காகவும் நின்றுவிட்டால், ஆண்டில் இரண்டு முறை வண்டி பார்க்கப்பட்டும் பார்க்கப்படாமல் போகிறது. வறுமையில் இருப்பவரின் தலையில் தத்துவத்தை ஏற்றுவது கொடுமை என்று சொல்பவரோடு நான் சண்டையிடமாட்டேன். மாற்றாமல் விடுவது வினை என்று ஒப்புக்கொண்டால்தான், அந்த வினை யாருடையது என்ற அடுத்த கேள்வியையே கேட்க முடியும் என்பதை மட்டும் அவருக்குச் சொல்வேன். விதி என்று விட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அப்போது முழுப் பழியும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த, பெரும்பாலும் அந்த விபத்திலேயே இறந்துவிட்ட, ஓட்டுநர்மேல் விழும்.

செய்யாமை எல்லாமே வினை என்றால் குற்றத்துக்கு எல்லையே இருக்காதே, உலகில் நான் செய்யாமல் விட்டவை கோடி இருக்குமே என்று கேட்கலாம். எல்லை இருக்கிறது. ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ள எளிய வழி இருந்திருக்க வேண்டும். மாற்றுவது அவர் கையில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வண்டி ஓட அவர் காரணமாக இருந்திருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால், டயர் ஒரு பக்கம் தேய்வதைப் பார்த்துச் சொன்ன கிளீனர் தன் பங்கைச் செய்துவிட்டார். ஜாக்கி போட்டுப் பார்த்து ‘முனை போயிடுச்சு, மாத்தாம எடுக்காதீங்க’ என்று சொன்ன மெக்கானிக்கும் செய்துவிட்டார்; மாற்றாமல் பெயருக்கு கிரீஸ் அடித்து அனுப்பியிருந்தால் அவர் பங்கு கூடும். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பயந்துகொண்டே வண்டியை எடுத்த ஓட்டுநருக்கு ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கை அவருடைய வீட்டு நிலைமை வெகுவாகக் குறைக்கும். கேட்டுவிட்டு, கணக்குப் பார்த்துவிட்டு, ‘இந்த லோடு முடியட்டும்’ என்று சொன்னவருக்கு அப்படிக் குறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. வண்டியின் அருகிலேயே அவர் வரவில்லை, ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, விபத்து நடந்தபோது ஊரிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த வண்டியை அந்த நிலையில் சாலையில் ஓடவிட்டது அவருடைய சொல். அந்தச் சொல்லைச் சொன்ன கணத்திலேயே, லோடு பத்திரமாகக் காட்டுப்பள்ளி போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வினை அவர் பெயரில் எழுதப்பட்டாயிற்று.